உள்ளே ஓடும் வெள்ளை நரம்பு

சிதம்பரத்தில் தாடி லைக்கனைப் பார்க்க விரும்புகிறவர் மரங்களைத் தேடிப் போக வேண்டாம், மளிகைக் கடைக்குப் போகலாம். உஸ்னியா என்னும் அந்த இனத்துக்குக் குளிர் வேண்டும், பனிமூட்டம் வேண்டும், புகையில்லாத காற்று வேண்டும். தமிழ்நாட்டில் அது நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் சாம்பல் கலந்த இளம்பச்சையில் கிளைகளிலிருந்து தொங்குகிறது. நம் சமவெளி மரங்களில் அது வளராது. ஆனால் கல்பாசி மூட்டையோடு மலையிறங்கி வந்துவிடுகிறது. குருமாவில் போடும் கல்பாசியே லைக்கன்தான், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாய்க் கூடி வாழும் உயிர்; பெரும்பாலும் பார்மோட்ரீமா இனத்தின் இலைச் சுருள்கள். கடைச்சரக்கை வாங்கிப் பிரித்து ஆராய்ந்தவர்கள் அதில் வேறு பல இனங்களின் துணுக்குகளையும் கண்டிருக்கிறார்கள். உஸ்னியாவும் அவற்றில் ஒன்று.

நல்ல கல்பாசி கேட்டால் கடைக்காரர் பெரிய, கருப்பும் வெள்ளையுமான சுருள்களாகப் பொறுக்கித் தருவார். நமக்கு வேண்டியது அதுவல்ல. "சுருள் வேணாம்ண்ணே, டப்பா அடியில கெடக்குறதப் போடுங்க" என்று கேட்க வேண்டும். நூல் போன்றவையெல்லாம் நழுவி அடியில்தான் சேரும். செய்தித்தாளில் கொட்டிப் பரப்பிப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தால், கூட்டுக்கு மணம் தரும் பொருளாக மட்டுமே அறிந்திருந்த ஒன்றுக்குள் ஒரு மலைக்காடே கலைந்து கிடப்பது தெரியும்.

நூல் கிடைத்ததும் இழுத்துவிடக் கூடாது. காய்ந்த லைக்கன் பொடிந்து போகும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் அது உயிர்த்தது போலத் துவளும். அப்போது இரு முனைகளையும் நகக்கண்ணால் பிடித்து மெல்ல, மிக மெல்ல இழுக்க வேண்டும். பச்சைத் தோல் வளையம் வளையமாக விரிசல் விடும். உள்ளே வெள்ளை நரம்பு ஒன்று அறுந்து போகாமல் நீளும். நூலில் கோத்த பாசிமணிகளைப் போலத் தோலின் துண்டுகள் அதன்மேல் இடைவெளி விட்டு நிற்கும். உஸ்னியாவின் கையெழுத்து இதுதான். அடையாளம் காணும் கலையில் இதற்கு இணையான ஒரு கணத்தை நான் வேறெந்த உயிரினத்திடமும் பார்த்ததில்லை. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து எழும் சந்தேகங்களையெல்லாம் விரல் நுனியின் இந்த ஒரு சோதனை தீர்த்து வைக்கிறது.

சந்தேகங்கள் வருவதற்கும் காரணமுண்டு. சோலையில் தொங்குவதெல்லாம் தாடி லைக்கன் அல்ல. ஈரக் கிளைகளிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் மாஸ் வகைகள் தூரத்தில் அப்படியே ஏமாற்றும். லென்ஸில் அவற்றின் நுண்ணிய இலைகள் தெரிந்துவிடும். ரமலினா என்றொரு லைக்கன் இனமும் தொங்கும், நிறமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அதன் கிளைகள் தட்டையான நாடாக்கள், உள்ளே நரம்பு கிடையாது. நர்சரிகளில் வாங்கி வாசலில் தொங்கவிடும் ஸ்பானிஷ் மாஸோ மாஸும் இல்லை, லைக்கனும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துப் பூச்செடி. அதற்கும் உள்ளே வலுவான நார் உண்டு என்பதால் கவனம் தேவை. மேலே வெள்ளிச் செதில் போர்த்திய இலைகளைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

இனம் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்திய உஸ்னியாக்களைப் பற்றி ஜி. அவஸ்தி 1986-இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயரையே தாங்கிய உஸ்னியா காட்டென்சிஸ் அவர் விவரித்த சிற்றினம். உஸ்னியாவின் சிற்றினங்களைப் பிரித்தறிய அடிப்பகுதி கறுத்திருக்கிறதா, கிளையின் மேல் மருக்கள் உண்டா, மாவு உதிரும் புள்ளிகளா அல்லது முள் போன்ற நுனிகளா என்று பார்க்க வேண்டும். பிறகு பிளேடால் குறுக்கே மெல்லிய சீவல் எடுத்துத் தோல், இடைப் பஞ்சு, நடு நரம்பு மூன்றின் தடிமனையும் ஒப்பிட வேண்டும். சிலவற்றில் நரம்பு தடித்துப் பஞ்சு ஒடுங்கியிருக்கும், சிலவற்றில் நேர்மாறு. இமயமலையில் கெஜக்கணக்கில் தொங்கும் உஸ்னியா லாங்கிசிமாவின் நரம்பில் அயோடின் பட்டால் நீலமாகிவிடும். பெயர் தெரிந்துகொள்வதைவிட இந்தப் பார்வைப் பழக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மில்லிமீட்டருக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதை ஒருமுறை கண்ட கண் பிறகு எந்த மரப்பட்டையையும் அலட்சியமாகக் கடந்து போகாது.

வேதியியல் சோதனையையும் இந்தக் கலைக்குள் கொண்டுவந்தவர் பின்லாந்துக்காரரான வில்லியம் நைலாண்டர். 1866-இல் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் குளோரின் கரைசலையும் சொட்டுவிட்டு நிறமாற்றத்தைக் கொண்டு லைக்கன்களைப் பிரிக்கலாம் என்று எழுதினார். பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் வளரும் லைக்கன்கள் காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோல் என்பதையும் அதே ஆண்டு சொன்னார்.

முதலாவதை நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கல்பாசிச் சுருளின் தோலைச் சுரண்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சின்மேல் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊசிமுனையால் வையுங்கள். சில சுருள்களில் உடனே சிவப்பு எழும். அது பார்மோட்ரீமா டிங்டோரம், லெகனோரிக் அமிலத்தின் வேலை. அதே கைப்பிடியிலுள்ள பார்மோட்ரீமா பெர்லேட்டம் நிறம் மாறாது. சோதித்த துண்டைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, கடலூர் மாவட்டத்துக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். லைக்கனுக்கு வேர் இல்லை, மெழுகுத் தோலும் இல்லை. பனியில் கரைந்து வருவதையெல்லாம் உடம்பு முழுவதாலும் அப்படியே குடிக்கிறது. நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு, லைக்கனுக்குள் வாழும் பாசியின் பச்சையத்தை முதலில் கெடுக்கிறது. தாடி போல் விரிந்து தொங்குபவற்றுக்குப் பரப்பு அதிகம் என்பதால் அவையே முதலில் போகின்றன; பட்டையோடு ஒட்டிய மேலோட்டு வகைகள் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். நெய்வேலியின் புகைபோக்கிகளும் கடலூர் சிப்காட்டும் உள்ள ஒரு மாவட்டத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரப்பட்டை லைக்கன்களை ஆண்டுதோறும் வரைந்து வைத்தால் அது கருவியில்லாத காற்றுப் பதிவேடாக இருக்கும். செய்ய வேண்டிய வேலை என்றே நினைக்கிறேன்.

நம் கரைக்கும் ஒரு தாடி உண்டு. ரோசெல்லா மோன்டாக்னே. மலைப்பனிக்குப் பதில் உப்புக்காற்றை விரும்பும் இனம். கோரமண்டல் கரையின் மரங்களில் சாம்பல் நிற நாடாக் கற்றைகளாகத் தொங்குவது. இதற்குப் பெயர் சூட்டிய பெலாஞ்சே, பெண்ணையாற்றைத் தாண்டினால் வரும் புதுச்சேரியின் தாவரவியல் பூங்காவை நடத்திய பிரெஞ்சுக்காரர். பெயரில் இருப்பவர் காமில் மோன்டாஞ் என்ற தாவரவியலாளர். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தினர் பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் லைக்கன்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தக் காடுகளில் தேடும்போது தில்லை மரத்தின் பட்டையை மட்டும் கீறிவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். காட்டில் எதையும் பிய்க்கவும் வேண்டாம். உதிர்ந்த சுள்ளிகளே போதும்.

ரோசெல்லாவை இழுத்தால் நரம்பு வராது. நகத்தால் கீறினால் உஸ்னியாவில் வரும் தெளிவான பச்சைக்குப் பதில் காவி கலந்த நிறம் தெரியும். இதற்குள் குடியிருக்கும் பாசி ட்ரென்டிபோலியா, அதன் பச்சையத்தை ஆரஞ்சு நிறமிகள் மறைத்துக்கொண்டிருக்கும். ப்ளீச்சிங் தண்ணீர் பட்டால் தோல் சிவக்கும். அப்படிச் சிவக்க வைக்கும் சேர்மங்களையே அம்மோனியாவில், அதாவது பழைய காலத்தில் புளித்த சிறுநீரில், ஊறவைத்து ஐரோப்பியர்கள் ஊதாச் சாயம் எடுத்தார்கள். 1856-இல் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகு அந்தச் சாயத்தின் தேவை படிப்படியாகக் குறைந்தது. ரோசெல்லாவிலிருந்து எடுத்த மற்றொரு சாயமான லிட்மஸ் மட்டும் பள்ளிக்கூட ஆய்வகங்களில் தங்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் எலுமிச்சைச் சாற்றில் நனைத்துச் சிவக்க வைத்தோமே, அந்த நீலத் தாளுக்கு நிறம் தந்தது இந்தக் குடும்பம்தான்.