கொடைக்கானல் செடிக்கு மாந்தோப்பில் என்ன வேலை?

கொடைக்கானல் போகிறவர்கள் யூகலிப்டஸ் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் வாங்கி வருவார்கள். இப்போது நத்தம் பக்கம் சிலருக்கு அந்தச் செடியையே மாந்தோப்பில் மரத்தடிப் பசுமைக்கு நட ஆசை. என்றும் இலை உதிராதது, நம் மலையிலேயே உள்ளது, நிழல் தாங்கும் என்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது பாதிதான் சரி.

பழனிமலையிலும் நீலகிரியிலும் கால்தேரியா என்னும் இந்த விண்டர்கிரீன் செடி சோலைக்குள்ளே அதிகம் நிற்பதில்லை. சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரம்தான் அதன் இடம். வெளிச்சம் பட்டால்தான் குட்டிக் குடுவை போன்ற வெள்ளைப் பூக்கள் சரம்சரமாக வரும், பிறகு கருநீலக் காய். இலையைக் கசக்கினால் சுளுக்குத் தைல வாசம்: மெத்தில் சாலிசிலேட். (தைலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், ஒரு டீஸ்பூன் குடித்தாலே உயிர் போகலாம்.)

கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். நத்தம் அதற்கு 1700 மீட்டருக்கும் கீழே, பத்து டிகிரியாவது கூடுதல் சூடு. சூட்டைக்கூட நிழல் போட்டுச் சமாளிக்கலாம்; வேரை என்ன செய்வது? மலைக்காரர்கள் காட்டுப்பூவரசு என்னும் ரோடோடென்ட்ரானின் குடும்பம் இது. மயிர்வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சைதான் சாப்பாடு தேடித் தரும். அதற்குப் புளிப்பான இலைமக்கு மண் வேண்டும். எங்கள் போர்த் தண்ணீரோ வாளி விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். காசாலட்டு மாமரத்தடியில் சருகு நிரப்பிய குழியில் ஒரு நாற்று வைத்துப் பார்த்தேன். மாசியில் நரம்பு மட்டும் பச்சையாக இலை மஞ்சளானது. சித்திரையில் அடுப்புக்குப் போனது.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று. மரத்தடியில் பசும்புதர் என்பது குளிர்காலத்தில் மரமெல்லாம் மொட்டையாகும் ஊர்க்காரர்களின் தேவை. மாமரம் எப்போது மொட்டையானது? காய் பறிக்கும்போது காலில் இடறும் புதரை எந்த விவசாயி விரும்புவார்?

ஆகவே கொடைக்கானல் வீட்டுத் தோட்டத்தில், மர நிழலின் ஓரத்தில், தாராளமாக நடலாம். வேலிக்கு வெளிநாட்டுப் புதர் தேடுவதைவிட நூறு மடங்கு மேல். கொடைக்கானலைவிடத் தாழ்ந்த சிறுமலையில் பணத்தை இறைக்க வேண்டாம். நத்தத்தில் வேண்டவே வேண்டாம்.

வேலியோரத்துக்கு நிழலில் ஒரு பசுமை கட்டாயம் வேண்டுமென்றால் காயா இருக்கிறது, அழகருக்கே நிறம் கொடுத்த பூ. கோடை வறட்சி தாங்கும், இலையும் கொட்டாது. குறை, வளர்ச்சி ஆமை வேகம். நான் நட்டு மூன்று வருடம். இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.