இடைவெளி பேசுகிறது

ஆணியும் சுத்தியலும் கையிலிருந்தால் படம் மாட்டிவிடலாம் என்று எண்ணுகிறோம். மாட்டிவிடலாம், மறுப்பதற்கில்லை. காட்டிவிட முடியுமா? மாட்டுவது கையின் வேலை. காட்டுவது கருத்தின் வேலை.

நம் வீடுகளைப் பாருங்கள், தோழர்களே! மறைந்த பாட்டனாரின் படம் நிலைப்படிக்கு மேலே, முன்புறம் சாய்ந்து தொங்கும். அண்ணாந்து பார்ப்பவன் ஆராய்வதில்லை, கும்பிடுகிறான். நிழற்படக் கண்காட்சி அமைப்போர் இந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில், நிற்பவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது காட்சிக்கூடங்கள் பல பின்பற்றும் அளவு. ஆணியை அந்த உயரத்திலேயே அடித்துவிட்டால் படம் கீழே இறங்கிவிடும். கம்பி எவ்வளவு தொய்யும் என்று அளந்த பிறகே அடிக்க வேண்டும்.

உயரம் எளிது. இடைவெளியில்தான் அரசியல் இருக்கிறது.

1905ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஐந்தாம் நிழற்சாலை 291ஆம் எண் கட்டடத்தில், ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸ் சிறியதொரு நிழற்படக் கூடம் திறந்தார். அறைகளை வடிவமைத்தவர் எட்வர்டு ஸ்டைக்கன். கூரைவரை சட்டங்களை அடுக்கிச் சுவரைச் சந்தையாக்கும் வழக்கம் கோலோச்சிய காலம் அது. ஸ்டைக்கனோ, முரட்டுத் துணி போர்த்திய சுவரில் படங்களை ஒற்றை வரிசையில், போதிய இடம் விட்டு மாட்டச் செய்தார். நிழற்படமும் நின்று பார்க்கத்தக்க கலையே என்பதை அந்த வெற்றிடம் வாதாடி நிலைநாட்டியது. ஒரு படத்தின் முன் நிற்பவரின் கண்ணை அடுத்த படம் பிடித்திழுக்காத அளவுக்கு இடம் வேண்டும். இடைவெளிக்கு நாமறிந்த இலக்கணம் இதுதான்.

அதே ஸ்டைக்கன், ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1955இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகள், 273 கலைஞர்கள், 503 படங்கள். சட்டமும் கண்ணாடியும் நீங்கின. பலகையில் ஒட்டிய படங்கள் கூரையிலிருந்து தொங்கின, கம்பங்களில் நின்றன. சிறுவர் கைகோத்து ஆடும் காட்சிகள் வட்டமாகவே அமைந்தன. பால் ருடால்ஃபு என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணம். காதல், பிறப்பு, உழைப்பு, இறப்பு என்று கூட்டம் ஆறாக நகர்ந்தது. அழகிய அமைப்பு! அதனை நாம் குறைத்துரைக்கவில்லை.

ஆனால், அந்த ஆற்றில் ஒரு பாறை இருந்தது. 1937இல் மிசிசிப்பி மாநிலத்தில் வெறிக் கும்பல் மரத்தோடு பிணைத்துக் கொன்ற கறுப்பின மனிதனின் படம். திறந்த சில நாட்களிலேயே ஸ்டைக்கன் அதனை நீக்கிவிட்டார். காரணம்? மக்கள் அதன்முன் நின்றுவிடுகிறார்களாம், ஓட்டம் தடைப்படுகிறதாம்!

தடைப்படட்டுமே! நின்று பார்க்கத்தான் 1905இல் இடம் விட்டார். நிற்கிறார்கள் என்பதற்காக 1955இல் படத்தையே எடுத்தார். அவர் ஓட்டத்தை எங்குமே நிறுத்தாதவரும் அல்லர். நீரகக் குண்டு வெடிப்பின் மாபெரும் வண்ணப்படத்திற்குத் தனி அறையே கிடைத்தது. மற்றவை கறுப்பு வெள்ளை. குண்டு எல்லோரையும் அச்சுறுத்துகிறது, எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. மரத்தடிப் படமோ, பார்ப்பவரின் நாட்டை, ஊரை, அண்டைவீட்டாரைச் சுட்டுகிறது. குடும்பம் என்று பெயர் சூட்டிவிட்டு, குடும்பத்துக்குள் நடந்த கொலைக்கு ஓரடிச் சுவர் தர மறுப்பது என்ன உறவு? பின்னர் வெளிவந்த நூலிலும் அந்தப் படம் இல்லை.

எந்தப் படத்தை எதனருகே வைப்பது என்பது அழகுக் கணக்கு மட்டுமாயின், இந்த நீக்கத்தை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிறப்புக்கு அருகே பிறப்பு, உழைப்புக்கு அருகே உழைப்பு என்று அடுக்கியதால் உழுபவனும் உண்பவனும் ஒரே வரிசையில் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இடையே உள்ள நிலவுடைமை சுவரில் தெரிவதில்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலான் பார்த் அந்நாளிலேயே இதனைக் கண்டித்தார்: பிறப்பும் இறப்பும் பொது என்று காட்டுவது வரலாற்றை மறைப்பதே என்பது அவர் வாதம்.

கண்காட்சி உலகைச் சுற்றியது. 1994 முதல் லக்சம்பர்க் நாட்டின் கிளர்வோ கோட்டையில் நிலையாக இருக்கிறது. 1956இல் டோக்கியோவில் அதனுடன் நாகசாகி அழிவின் படங்களும் சேர்க்கப்பட்டன. எடுத்தவர் யோசுகே யமஹாட்டா. பேரரசர் பார்வையிட வந்தபோது அவற்றின்மீது திரை தொங்கியது. பிறகு, திரையும் இல்லை, படங்களும் இல்லை.