தனிநாயக அடிகளின் மேடையும் கத்தோலிக்க மெய்யியலின் தமிழும்

ஒரு சமயத்தின் சிந்தனை தன் ஆலயத்துக்கு வெளியே நின்று பேசும்போது அதன் மொழி சோதனைக்கு உள்ளாகின்றது. ஆலயத்தினுள் இருப்போர் சொல்லின் பொருளை வழக்கத்தால் அறிவர். வெளியே இருப்போருக்கோ ஒவ்வொரு சொல்லும் விளக்கம் வேண்டி நிற்கும். பொதுச் சொற்பொழிவும் கருத்தரங்கும் இத்தகைய வெளியிடங்களாகும். கத்தோலிக்க இறையியலும் மெய்யியலும் தமிழ்ப் பொதுமேடையில் எவ்வளவுக்கு இடம்பெற்றன என்ற வினாவை எழுப்புவோர், ஈழத்துக் கத்தோலிக்க அறிஞருள் மேடையால் உலகப் புகழ் பெற்ற சேவியர் தனிநாயக அடிகளின் பணியை முதலில் நோக்குதல் பொருத்தமாகும்.

இத்துறையில் அடிகளுக்கு முன்னோர் இல்லாமலில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனப்படும் இராபர்ட் டி நொபிலி, பிற சமயத்தாரோடு நேர்நின்று வாதிட வேண்டியிருந்தமையால், அளவை நெறியில் அமைந்த தமிழ் உரைநடையை ஆக்கிக்கொண்டார். ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிருணயம்’ ஆகிய நூல்கள் அவ்வாதத்தின் விளைபொருள்கள். அவரது மொழி வடசொல் மிகுந்தது. சாதி வரம்பை ஏற்றுக்கொண்ட அவருடைய முறை இன்றைய நோக்கில் கடுங் கண்டனத்துக்குரியது. ஆயினும், உயிர், படைப்பு, பாவம், மீட்பு ஆகிய கருத்துகளை மாற்றார் முன் தமிழில் நிறுவ முற்பட்ட துணிவு அவருடையது. வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ முதலிய உரைநடை நூல்களில் அதே வழியைத் தொடர்ந்தார்.

1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயக அடிகள், கொழும்பில் மெய்யியலும் உரோமாபுரியில் இறையியலும் கற்றவர். பின்னர் வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்த காலத்திலேயே தமிழை முறையாகப் பயிலத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார். 1949ஆம் ஆண்டளவிற் தொடங்கிய அவருடைய உலகப் பயணங்கள் சொற்பொழிவுப் பயணங்களாகவே அமைந்தன. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியதும், 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டியதும் அம்மேடைப் பணியின் விரிவுகளாகும். ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த பழைய தமிழ் அச்சுநூல்களை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை மீண்டும் பதிப்பித்தவரும் அவரே.

இவ்வளவும் பெருஞ் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், பொதுமேடையில் அவர் பெயர் நிலைபெற்றது தமிழியல் உரைகளாலேயன்றி இறையியல் உரைகளால் அன்று. தமிழைப் பற்றி அவர் உலகுக்குச் சொன்னவை பல. தாம் கற்ற இறையியலைத் தமிழர்க்கு மெய்யியலாக எடுத்துரைத்தவை மிகச் சில. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியராயிருந்தபோது, இந்திய சிந்தனையையும் உரோமரின் ஸ்தோயிக்க மெய்யியலையும் அவர் ஒப்புநோக்கினார். வள்ளுவரின் சான்றோனையும் செனக்காவின் அறிஞனையும் அருகருகே நிறுத்தும் தகுதி அவருக்கு இருந்தது. அந்த ஒப்பீடும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. மேலும், ஸ்தோயிக்க நெறியோடு நின்றமையால், சைவமும் கத்தோலிக்கமும் நேருக்குநேர் சந்திக்க வேண்டிய இடத்துக்கு அது வரவில்லை.

அடிகள் உரோமாபுரியில் ஆராய்ந்த பொருளை எண்ணும்போது இக்குறை வியப்பைத் தருகின்றது. அவர் எடுத்துக்கொண்டது, புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேசுத் திருச்சபையின் குருகுலம். அந்த வட ஆபிரிக்க நகரிலேதான், சிப்பிரியானுக்கு ஒரு தலைமுறை முன்னர், தெர்த்துல்லியன் இலத்தீன் இறையியலின் சொற்களை ஆக்கினார். உரோமைத் திருச்சபையே பெரிதும் கிரேக்கத்தில் வழிபட்ட காலம் அது. திரித்துவத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை முதன்முதல் அவருடைய எழுத்திலேயே காண்கிறோம். உள்ளூர்த் திருச்சபையொன்று தன் மொழியிற் சிந்திக்கத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதை அடிகள் நன்கறிந்திருப்பார். அந்த அறிவு தமிழிற் பலிக்கவில்லை.

அடிகளின் காலச் சூழலை மறந்து இவ்வாறு கூறுதல் நியாயமன்று என்பர் சிலர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தது கல்வியியல். ஐம்பதுகளில் தமிழின் உரிமைக்கே குரல் எழுப்ப வேண்டியிருந்தது. உலக அரங்கில் ஆங்கிலமே பயன்பட்டது. இவை ஏற்கத்தக்க நியாயங்களே. ஆயினும் அவருக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களோடு உரையாடுமாறு பணித்தது. 1971இல் திஸ்ஸ பாலசூரிய அடிகள் கொழும்பிற் சமூக, சமய நிலையத்தையும், 1974இல் அலோசியஸ் பீரிஸ் அடிகள் களனியில் துலான நிலையத்தையும் நிறுவினர். வறுமையையும் பௌத்தத்தையும் முன்வைத்து ஆசிய இறையியலை வகுத்த இவர்களுடைய சிந்தனை உலகெங்கும் பேசப்பட்டது. பாலசூரிய அடிகள் 1997இல் திருச்சபையினின்று விலக்கப்பட்டு, 1998இல் மீண்டும் ஏற்கப்பட்டதையும் உலகம் அறியும். ஆனால் இவ்விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. அறுபதுகளிலிருந்து தாய்மொழியிற் கலைத்துறைப் பட்டம் பெற்று வெளிவந்த தமிழ் மாணவரை அவை போதியளவு எட்டவில்லை.

இக்குறையின் ஆழத்தை அறியக் கிழக்கிலங்கையின் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை நோக்கிச் செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரையில் அமைந்தது களுதாவளை. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலை நடுவாகக் கொண்ட சைவ ஊர். இத்தகைய ஊரின் மண்டபமொன்றிற் கத்தோலிக்க இறையியல் பற்றிப் பேச முற்படுபவர் எச்சொற்களைக் கொண்டு பேசுவார்?

கத்தோலிக்கர் முன்பு ‘இஷ்டப்பிரசாதம்’ என்றதை இப்போது ‘அருள்’ என்கின்றனர். பிரசாதம் என்றால் களுதாவளையார் பிள்ளையார் சந்நிதியில் ஏந்திப் பெறுவதையே நினைப்பர். அருள் என்றாலோ சைவ சித்தாந்தத்தின் முழுக் கட்டடமும் அச்சொல்லின் பின்னே நிற்கும்: இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்தபோது நிகழும் சத்திநிபாதம் அது. ‘சென்மப் பாவம்’ என்ற பழைய வழக்கு இன்னும் சிக்கலானது. கேட்போர் அதை முற்பிறவித் தீவினை என்றே கொள்வர். திருச்சபையோ மறுபிறவியையே ஏற்பதில்லை. அதனை ஆணவ மலத்தோடு ஒப்பிடலாமெனின், ஆணவம் அநாதி. சென்மப் பாவமோ மனித வரலாற்றில் ஒரு தொடக்கமுடையது. சித்தாந்தத்தில் உயிரும் அநாதி. கத்தோலிக்கத்தில் உயிர் படைக்கப்பட்டது. ஆகவே, அருள் எதிலிருந்து விடுவிக்கின்றது என்ற வினாவுக்கு இரு நெறிகளும் வெவ்வேறு விடை தருகின்றன. இந்த வேறுபாட்டைத் தெளிவுறப் பேசும் கருத்தரங்கே உண்மையான உரையாடலாகும். ‘எல்லாச் சமயமும் ஒன்றே’ என்று முடிக்கும் மேடைகள் இரு தரப்பாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை.

இது இயலாத காரியமன்று என்பதற்கு அதே கரையில், களுதாவளைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் சான்றாவார். இயேசு சபையினரின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் கற்ற அவர், இராமகிருஷ்ண சங்கத் துறவியானார். முப்பதுகளிற் கலைச்சொல்லாக்க முயற்சிகளில் தலைமைப் பங்கு கொண்டு, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். மேனாட்டு அறிவியலைத் தமிழிற் சொல்ல வேண்டுமெனின், முதலில் அதற்குரிய தமிழைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கத்தோலிக்கப் பள்ளியிற் பயின்ற சைவர் அறிவியலுக்குச் செய்ததைக் கத்தோலிக்க அறிஞர் தம் இறையியலுக்கு முழுமையாகச் செய்யவில்லை.

தனிநாயக அடிகள் 1980இல் மறைந்தார். தமிழைப் பிற நாட்டார் மதிக்கச் செய்த அவரது பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும், அவர் ஏறிய மேடைகளின் வரிசையில் எழுவான்கரையின் ஊர் மண்டபங்களும் இடம்பெற வேண்டும். அங்கே பேசுவோர், கேட்போரின் சித்தாந்தத்தைத் தம் இறையியலுக்கு இணையான ஆழத்துடன் கற்று வருதல் வேண்டும். கேட்போரும் வினவவும் மறுக்கவும் உரிமையுடையோராய் இருத்தல் வேண்டும். அத்தகைய கருத்தரங்குகள் பெருகும்போதே கத்தோலிக்க மெய்யியல் தமிழ்ச் சிந்தனையின் ஒரு பகுதியாகும்.