காருக்கும் காட்சிக்கும் நடுவே

கொடைக்கானல் போய்வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் தூண் பாறை, குணா குகை, மோயர் பாயிண்ட், பைன் காடு என்று இடங்களை ஒப்பிப்பார். இலங்கையில் எல்லவுக்கோ அப்புத்தளைக்கோ போய்வந்தவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். எங்கே பஸ்ஸை விட்டு இறங்கினோம், எந்தத் திருப்பத்தில் வழி தப்பியது, யார் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம் என்று பேச்சு வழியைப் பற்றியே போகும். இரண்டு ஊரிலும் விளிம்பில் நின்றால் காலடியில் சமவெளிதான் விரிகிறது. ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கும் காட்சி தெரியும் இடத்துக்கும் நடுவே இலங்கையில் இன்னும் கொஞ்சம் தூரம் மிச்சமிருக்கிறது. நம் பக்கத்தில் அந்தத் தூரத்தைச் சாலை விழுங்கிவிட்டது.

நீலகிரியின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கார் போகிறது. இறங்கி, நாலடி நடந்து, தொலைநோக்கி வீட்டில் வரிசையில் நின்று கண்ணை வைத்தால் மலை ஏறியாயிற்று. கொடைக்கானலிலும் வேன்காரர் கையில் பாயிண்டுகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். சுட்ட சோளக்கருது, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், ஒரு குரூப் போட்டோ, அதற்குள் ஹாரன் சத்தம். இதைக் கேலி செய்வது சுலபம். எண்பது வயதுப் பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் அதே சாலையால்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடப்பதற்கென்றே போட்ட பாதை என்று கொடைக்கானல் ஊருக்குள் உருப்படியாக ஒன்று இருக்கிறது: லெப்டினன்ட் கோக்கர் 1872இல் அமைத்த கோக்கர்ஸ் வாக். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், மலைவிளிம்பை ஒட்டிய சமதளம், வண்டி கிடையாது. முதுகுக்குப் பின்னால் வெயிலும் எதிரே மேகமும் அமைந்தால் நம் நிழலே வானவில் வளையத்தோடு மேகத்தின் மேல் விழும். ஆனாலும் அதை நடை என்பதைவிட உலாத்தல் என்பதே பொருத்தம்.

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் காலையில் ஏறுபவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். தாமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம் அது. தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்கிற உச்சிக்குச் சுமார் 7 கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஏறும் தோட்டத்துப் பாதை. செங்குத்து எங்கும் இல்லை; பத்து வயதுப் பிள்ளைகூட நடந்துவிடும். மேலே ஆட்டோவில் போய் இறங்கும்போது நடப்பவர்கள் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் அதைத் தலைகீழாகச் செய்வது நல்லது, இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும்.

அந்த 7 கிலோமீட்டரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன. மாரியம்மன் கோயில், தோட்டப் பாடசாலை, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பரா, கொழுந்து நிறுக்கும் கொட்டகை, காயப்போட்ட துணி, கத்தும் சேவல். எதிரே வருகிறவர்கள் பேசுவது தமிழ். தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்தால், “இந்தியாவுல எந்தப் பக்கமுங்க?” என்று கேட்பார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று எதைச் சொன்னாலும் தங்கள் பாட்டன் ஊர்ப் பெயரும் பதிலுக்கு வரும். ஊரின் பெயர் மட்டும்தான், அங்கே யாரும் மிச்சமில்லை. கூடையோடு நிற்கும் பெண்ணைப் படம் எடுத்துவிட்டுக் கையில் காசு வைக்கும் சுற்றுலாப் பழக்கமும் இந்தப் பாதைக்கு வந்துசேர்ந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்ல முடியாத கூலியில் ஒருவரை வைத்திருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

உச்சியில் லிப்டன் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். தன் தோட்டங்களை அங்கிருந்து பார்ப்பாராம். தெற்கே மலை படிப்படியாக இறங்கிச் சமவெளியில் கரைகிறது; வானம் தெளிவாக இருந்தால் கடலோரம் வரை பார்வை ஓடும் என்பார்கள். அந்தத் தென்சரிவின் அடிவாரத்துப் பக்கம்தான் கொஸ்லந்தை. அதற்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. சிலைக்குப் பக்கத்தில் நின்று அழகு என்று சொல்லும்போது அந்தத் தேதியும் நினைவுக்கு வருவது நடந்து வந்தவர்களுக்குத்தான் அதிகம். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் லயங்களைக் கடந்து வந்திருப்பார்கள்.

எல்லவின் சின்னச் சிவனொளிபாதமலை இன்னும் சுலபம். பசறைச் சாலையிலிருந்து தேயிலைக்கு நடுவே போய், கடைசியில் படி ஏறினால் 1,141 மீட்டர் உயர முனை. முக்கால் மணி நேரம் போதும். எதிரே எல்லப் பாறை, நடுவே எல்லக் கணவாய், முனையில் ஒரு புத்தர் சிலை. ஆனால் இங்கே பாதையோரம் காப்பிக்கடைகளும் கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டும் வந்துவிட்டன. எல்ல, கொடைக்கானல் ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள்.

அங்கே நடையும் இங்கே சாலையுமாக இருக்கும் இந்த வேறுபாட்டுக்கு மக்களின் குணத்தையோ ரசனையையோ காரணமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் நிலத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டம் என்பது அடிப்படையில் நடைபாதைகளின் வலை. கொழுந்து பறிப்பவர் ஒவ்வொரு செடியிடமும் காலால் போய்ச் சேர வேண்டும், பறித்ததை நிறுவைக்குச் சுமந்து வர வேண்டும். இலங்கைத் தோட்டங்கள் 1970களில் அரசு கைக்கு வந்தன, 1992க்குப் பிறகு கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. லயத்து மக்கள் மட்டும் அங்கேயே குடியிருந்தார்கள். குடியிருப்பவர்கள் இருக்கும்வரை பாதைக்குக் கதவு போட முடியாது. கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைவழி 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. தோட்டத்துப் பழைய பாதைகளைக் கோத்து அம்புக்குறி நட்டதுதான்.

தமிழ்நாட்டு மலைகளில் சாலையை விட்டு இறங்கினால் ஒன்று தனியார் வேலி, அல்லது காப்புக்காடு. காட்டில் ஆளற்ற பாதையில் போகிறவர் காட்டெருமையை எதிர்பார்க்க வேண்டும்; கோடையில் தீயையும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அரசு விதிகளை இறுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது: 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு. எளிய வகையில் ஊட்டியின் கெய்ர்ன் ஹில் போன்ற சிறு நடைகள் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், தீ பிடிக்கும் பருவத்தில் மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, வாங்க ஒரு நடை போய் வரலாம் என்று கிளம்புகிற விஷயம் அல்ல அது.

இலங்கையிலும் காட்டுக்குள் நடை என்றால் கட்டுப்பாடு உண்டு. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் உலக முடிவு என்கிற விளிம்புக்குப் போய்ச் சுற்றித் திரும்பும் வட்டம் சுமார் 9 கிலோமீட்டர். புல்வெளி, பேக்கர் அருவி, பிறகு திடீரென்று தரையே தீர்ந்துபோய் 870 மீட்டர் ஆழம். ஒன்பது, பத்து மணிக்குள் போய்விட வேண்டும். கீழேயிருந்து சூடேறி எழும் காற்று குளிர்ந்து மூடுபனியாகிப் பள்ளத்தை அடைத்துவிடும். கொடைக்கானலிலும் இதே கணக்குத்தான். பூங்கா வாசலில் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைகளை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தைக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். நம் பக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அங்கே பையைச் சோதிக்கிறார்கள், இங்கே வண்டியை எண்ணுகிறோம். இரண்டு மலைக்கும் எது பாரம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கொடைக்கானலில் எனக்குப் பிடித்த நடை, வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்குவது. வேர்களே படிகளாகக் கிடக்கும் காட்டுவழி. மேலே தொடங்குவதால் போகும்போது ஏமாற்றும், திரும்பும்போது மூச்சு வாங்கவைக்கும். மழை பெய்திருந்தால் எளிய நடை என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். இந்தப் பாதை ஏன் பிழைத்தது? இது பாறையோடு முடிவதில்லை, கீழே வெள்ளகவி கிராமத்துக்கும் அதைத் தாண்டிக் கும்பக்கரைப் பக்கத்துக்கும் போகிறது. மலைக்குச் சாலை வரும் முன் பெரியகுளம் பக்கமிருந்து ஏறியவர்கள் நடந்ததும் இந்தச் சரிவில்தான். நெடுங்காலம் வண்டிச்சாலை இல்லாத வெள்ளகவிக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் இறங்கின, விளைச்சல் அப்படியே ஏறியது. நாம் செல்ஃபி எடுக்கும் பாறை அவர்களுக்குச் சுமையை இறக்கி மூச்சுவிடும் இடம். தம்பேதன்னையில் பார்த்ததுதான் இங்கேயும்: வேறு யாரோ தங்கள் பிழைப்புக்காக நடந்து தேய்த்த வழி நமக்கு நல்ல நடையாகக் கிடைக்கிறது. சுற்றுலாவுக்கென்றே போட்ட வழி பெரும்பாலும் சாலையாக வளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் இப்படி வழிகள் வேறு எங்கே இருக்கின்றன? இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத்து மக்களுக்காக அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய அரசு நிறுவனமான டான்டீ. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து அந்தத் தோட்டங்களில் அதே லயம், அதே மாரியம்மன் கோயில், அதே கொழுந்துப் பாதை. நிலம் அரசுடையது. வனத்துறையின் பட்டியலில் நாற்பது பாதைகளுக்கு இடம் இருந்தது; டான்டீ தோட்டங்களில் யானை நடமாட்டம் இல்லாத நாலைந்து சரிவுகளையும் இரண்டு மணி நேர நடைக்குத் திறக்கலாம். வழிகாட்டக் கண்டியும் பதுளையும் தெரிந்த பெரியவர்களின் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். கட்டணத்தில் பாதி அவர்கள் கைக்குப் போகட்டும், வேனைத் தொழிற்சாலை வாசலோடு நிறுத்திவிடட்டும்.