மயிலுக்குப் போர்வை எதுக்கு சித்தப்பா?

அண்ணன் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கடையெழு வள்ளல்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பாரி முல்லைக்குத் தேர், பேகன் மயிலுக்குப் போர்வை என்று ஒரே ராகம். நாலைந்து சுற்று முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "மயிலுக்குப் போர்வை எதுக்கு சித்தப்பா? அதுக்குத்தான் றெக்கை இருக்குல்ல?"

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குழந்தைக்கு மயில் அதிசயப் பறவை இல்லை. விதைத்த கடலையைக் கிளறுவது, தக்காளியைக் கொத்திப் போடுவது, காட்டில் தகர டப்பாவைத் தட்டி விரட்ட வேண்டியது. எனவே அவள் கேட்டது குறும்புக் கேள்வி அல்ல. தனக்குத் தெரிந்த மயிலைப் புத்தகத்து மயிலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். வரலாறு படிப்பவர்கள் செய்யவேண்டிய முதல் வேலையே அதுதான்.

நான் என்ன பதில் சொன்னேன்? "அந்த ராஜா அவ்வளவு நல்லவரும்மா." அவள் தலையாட்டிவிட்டு மறுபடி மனப்பாடத்துக்குப் போய்விட்டாள். ஒரு நல்ல கேள்வியை ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். சின்னக் குழந்தைகளுக்கு வரலாறும் சமூக அறிவியலும் சொல்லித் தருகிறோம் என்று நாம் செய்வதில் பெரும்பகுதி, நான் அன்று செய்ததைப் போலத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்தே சமூக அறிவியல் தனிப்பாடம். 2005 தேசியக் கலைத்திட்டத்தின்படி வந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களில் மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூகமும் சேர்ந்து 'சூழ்நிலையியல்' என்று ஒரே பாடமாக இருந்தது. இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. ஆனால் நம்மிடம் இதற்கென்று தனிப் புத்தகமும் தனி பீரியடும் இருக்கின்றன. இடம் இருக்கிறது, அதில் எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பேகனையே எடுத்துக்கொள்வோம். வையாவிக் கோப்பெரும்பேகன் ஆவியர் குடியைச் சேர்ந்தவன். அவன் ஆண்டது பழனி மலைப் பகுதி. எங்கள் ஊரிலிருந்து பழனி சுமார் 30 கிலோமீட்டர். "அவரு நம்ம பழனி ராஜா" என்று பிறகு நான் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. "நாம மொட்டை போட்ட பழனியா?" என்றாள். பாடத்தில் வருகிற ஊரும் பஸ்ஸில் போகிற ஊரும் ஒன்றாக இருக்க முடியும் என்று இதுவரை அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

அடுத்தது, நமக்கு இது எப்படித் தெரியும் என்ற கேள்வி. பேகனைப் பற்றிப் புறநானூற்றில் பாடல்கள் இருக்கின்றன. மயிலுக்குப் போர்வை தந்ததைப் பரணர் பாடுகிறார். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணோடு இருந்தபோது, அவளிடம் திரும்பிப் போகும்படி கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு.) இதில் கவனிக்க வேண்டியது பரணரின் பாட்டு. மயிலுக்குப் போர்வை தந்ததையும், மனைவியின் துயரத்தைத் தீர்க்கச் சொல்வதையும் அவர் ஒரே பாடலில் வைக்கிறார். பறவை குளிரில் நடுங்கும் என்று இரங்கியவன், வீட்டில் ஒருத்தி கலங்குவதைப் பார்க்கவில்லை.

பாட்டின் ஒரு பாதியை மட்டும் வெட்டி எடுத்து 'மயிலுக்குப் போர்வை அளித்தவர் யார்?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி ஆக்கிவிட்டோம். மீதிப் பாதி சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று சொல்வார்கள். நாலாம் வகுப்புக் குழந்தைக்கு, அப்பா வீட்டுக்கு வராமல் இருப்பது தெரியாத விஷயமா? 'அந்த ராஜா தன் மனைவியைத் தனியாக விட்டுவிட்டு வேறு ஊரில் இருந்தார், புலவர்கள் போய் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்' என்று சொன்னால் எட்டு வயதுக்குப் புரியும். கூடவே இன்னும் பெரிய ஒன்றும் புரியும்: ராஜாவைப் பாடிப் பிழைத்தவர்களும் ராஜாவிடம் 'நீ செய்வது சரியில்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். வள்ளல் பட்டியலைவிட எனக்கு இது முக்கியமான பாடமாகப் படுகிறது.

ஜெரோம் புரூனர் 1960-ல் ஒரு கருத்தைச் சொன்னார். எந்தப் பாடத்தையும், அறிவுநேர்மை கெடாத ஏதோ ஒரு வடிவில், எந்த வயதுக் குழந்தைக்கும் சொல்லித்தர முடியும் என்பது அதன் சாரம். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் 'எந்த வயதுக்கும்' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 'அறிவுநேர்மை' என்ற நிபந்தனை. எளிமையாக்குவது வேறு, பாதியை மறைப்பது வேறு.

இரண்டாவது குறை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 'நமக்கு உதவுவோர்' என்ற வகைப் பாடம் தொடக்க வகுப்புகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். மருத்துவர், தபால்காரர், விவசாயி, தூய்மைப் பணியாளர் என்று வரிசையாகப் படங்கள், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பொருளைக் காணோம்: காசு. யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, ஏன் சிலருக்குக் குறைவு, விலை விழுந்தால் யார் தலையில் விழும் என்று எதுவும் கிடையாது. எல்லோரும் 'உதவுகிறார்கள்'. கூலி கிடையாது, கடன் கிடையாது, பேரம் கிடையாது.

தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று இருக்கிற ஊரில் உட்கார்ந்து குழந்தைகள் இதைப் படிக்கிறார்கள். இங்கிருந்து போகிற காயில் பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில் விலை போகும். ஓணம் வந்தால் விலை ஏறும், வரத்து கூடினால் சரியும். சரிந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். கமிஷன் கடைக்காரர், லோடுமேன், லாரி டிரைவர், காட்டுக்காரர், பறிக்கப் போகிற அக்காக்கள் என்று ஒரு பெட்டி தக்காளிக்குள் ஒரு முழு சமூகம் இருக்கிறது. பெட்டி இன்று என்ன விலை போச்சு என்பது வீட்டில் ராத்திரி சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. குழந்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறது. மறுநாள் பள்ளியில் 'விவசாயி நமக்கு உணவு தருகிறார்' என்று எழுதி டிக் வாங்குகிறது.

என் கவலை மதிப்பெண் பற்றியது அல்ல. தன் வீட்டில் தெரிந்துகொண்டது எதுவும் 'படிப்பு' இல்லை என்று அந்தக் குழந்தை எட்டு வயதில் முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவைப் பிறகு கல்லூரியில் வைத்து மாற்றுவது லேசில்லை.

சரி, 'பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கு' என்று சொல்லிவிட்டால் போதுமா? அது பழைய கொள்கைதான். வீடு, தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று வட்டம் வட்டமாக விரித்துக்கொண்டு போவது உலகம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் டயான் ராவிச் 1987-ல் இதைக் கடுமையாக விமர்சித்தார். குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த வீட்டையும் தபால்காரரையும் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்குகிறோம், கதையும் வரலாறும் காணாமல் போய்விட்டன என்பது அவர் வாதம். கனடாவின் கீரன் ஈகன் இன்னொரு கோணத்தில் கேட்டார்: டிராகனும் சூனியக்காரியும் குழந்தைக்குப் புரிகிறதே, தூரத்தில் இருப்பது புரியாது என்று யார் சொன்னது?

இரண்டு பேரும் சொல்வது பாதி சரி. எங்கள் ஊர்க் குழந்தைக்குச் சூரனும் முருகனும் மூன்று வயதிலேயே தெரியும். தூரம் ஒரு தடையே இல்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது 'ஏற்கெனவே தெரிந்தது' என்பதை நான் ஏற்க மாட்டேன். ஊர்ப் பெயரில் 'சத்திரம்' இருக்கிறது. தினமும் பஸ் போர்டில் பார்க்கிறோம். யாருக்கான சத்திரம், எந்த வழியில் போகிறவர்கள் தங்கினார்கள்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் வருடா வருடம் நம் வாசல் வழியாகப் போவதற்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இருக்குமா? பெயரின் முற்பாதிக்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எதை நம்புவது, ஏன்? தெரிந்த பெயர்தான், ஆனால் யாரும் யோசித்ததில்லை. லூசி ஸ்ப்ரேக் மிட்செல் 1934-ல் எழுதிய 'இளம் புவியியலாளர்கள்' என்ற நூலும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பாடம் தொடங்க வேண்டிய இடம் குழந்தை நடந்து பார்த்துக் கேட்கக்கூடிய இடம்.

தூரமும் பக்கமும் ஒரே இடத்தில் சேர்வதும் உண்டு. விருப்பாச்சி எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. மலைவாழைப் பழத்தால் எல்லோருக்கும் தெரியும். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் மகளோடு தப்பி வந்து எட்டு ஆண்டுகள் விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் இருந்தார். 1780-ல் சிவகங்கையை மீட்டார். அந்தக் கோபால நாயக்கரே பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கூட்டணியில் நின்று 1801-ல் தூக்கிலிடப்பட்டார். இது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வருகிறது. பெரிய கிளர்ச்சிகளின் பட்டியலுக்கு அது சரியான வயதுதான். ஆனால் 'ஒரு அம்மாவும் பெண்ணும் ஊரை விட்டுத் தப்பி வந்து இங்கே எட்டு வருஷம் இருந்தார்கள், யார் அடைக்கலம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள்' என்ற கதைக்குப் பதினைந்து வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே நானே ஒரு இடத்தில் தடுக்கி விழுந்தேன். இதையெல்லாம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிற ஒரு டீச்சர் அக்காவிடம் சொன்னேன். குழந்தைகளை அவரவர் வீட்டு வேலை, வருமானம் பற்றிப் பேச வைக்கலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பா என்ன வேலைன்னு வகுப்புல கேட்டா, சில பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க தம்பி. சிலது பொய் சொல்லும். பக்கத்துல உக்காந்திருக்கிறது சிரிக்கும். அந்தப் பாடம் முடிஞ்ச பிறகும் அந்தச் சிரிப்பு முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் சாதி என்ற வார்த்தை வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. 'குழந்தையின் வீட்டிலிருந்து தொடங்கு' என்ற அழகான கொள்கை, எல்லா வீடும் ஒரே மாதிரி மதிக்கப்படுகிற இடத்தில்தான் தீங்கில்லாமல் வேலை செய்யும். நம் ஊர்களில் வீட்டிலிருந்து தொடங்கினால் சில குழந்தைகளைத் தனியே நிறுத்திவைத்துத் தொடங்குவதாக ஆகிவிடும். அதன்பிறகு என் கருத்தை மாற்றிக்கொண்டேன். வீட்டிலிருந்து வேண்டாம், தக்காளிப் பெட்டியிலிருந்து தொடங்கலாம். பெட்டி யார் வீட்டுடையதும் இல்லை. அது எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது, ஒவ்வொரு கையிலும் என்ன மிஞ்சியது என்று கேட்கும்போது, தெரிந்த குழந்தை தானாகப் பேசும். பேச விரும்பாத குழந்தை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' ஆசிரியர் நாலாம் வகுப்புக்கு வரலாற்றைக் கதையாகத்தான் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு நடுநிலை வகுப்புகளுக்கு, கேள்வி கேட்க வைக்கிற சமூக அறிவியல் புத்தகங்களைப் பள்ளிகளில் வைத்தே உருவாக்கிப் பார்த்தது. தமிழ்நாட்டிலும் செயல்வழிக் கற்றல் வந்தது. இப்போது 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் மீட்க அது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசிப்பையும் கணக்கையும் மட்டுமே அளக்கிற காலத்தில், அளக்கப்படாத பாடத்தின் பீரியட்தான் முதலில் பறிபோகும். பெட்டி விலையைக் கணக்கிடுவதும் கணக்குதான், சந்தையில் கேட்டதை எழுதுவதும் எழுத்துதான் என்று யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, பேகன் கதையின் மறுபாதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கண்ணகி என்ன சொன்னாங்க? அவங்க பாட்டு ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்றேன். நான்கு புலவர்கள் அவளுக்காகப் பேசியது இருக்கிறது, அவள் சொன்னதாக எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. "ஏன்?" என்றாள். இந்த முறை 'நல்லவரும்மா' மாதிரி ஏதாவது சொல்லி மூடிவிடக் கூடாது என்று அந்தக் கேள்வியை அவள் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மயிலுக்குப் போர்வை என்பதற்குக் கீழே எழுதியிருக்கிறாள்.