பொரி உள்ளானின் முதுகு

வலசைப் பறவை பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோ போகச் சொல்வார்கள். நான் மாசி மாதத்தில் ஒரு நாளை ஆரணியில் கழித்தேன். கூட வந்தவர் பட்டுத்தறிக்காரர்.

காலையில் கமண்டல நாகநதியின் மணலில் தேடினோம். உள்ளான் ஒன்றே ஒன்று, வாலை ஆட்டி ஆட்டி நடந்து போயிற்று. ஊருக்கு வெளியே வற்றிக்கொண்டிருந்த ஏரியில்தான் விருந்து. சேற்றில் பத்துப் பதினைந்து பொரி உள்ளான்கள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. தொலைவில் அவையும் மண்கட்டிகளும் ஒன்றுபோலவே இருந்தன. பைனாகுலரை நண்பரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "இது அச்சடிச்சது இல்லீங்க சார், புட்டா. நெய்யும்போதே போட்டது."

எவ்வளவு சரியான சொல்! அந்தப் பொரிகள் முதுகின்மேல் தெளித்தவை அல்ல. பழுப்பு இறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர்நிறக் கொத்துகள் விழுந்திருக்கும். இறகின்மேல் இறகு வரிசையாகப் படிகையில் அவையே புள்ளிகளாக எழுகின்றன. அடியில் ஒளிந்திருக்கும் பகுதிக்கும் சேர்த்தே கணக்குப் போட்ட வேலை.

இரண்டு பறவைகளின் புள்ளிகள் மட்டும் மங்கியிருந்தன. "ரொம்ப நாள் உடுத்தினது" என்றார் நண்பர். உண்மைதான். இறகின் கருமையான பகுதியை நிறமி வலுவாக்குகிறது. அது குறைந்த வெளிர் ஓரம் முதலில் தேய்கிறது. வடக்கே திரும்புமுன் அவை புது இறகு முளைத்துப் புத்தாடை பூணும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை நீளும் சதுப்புகள் அவற்றின் தாய்வீடு. அங்கே பெரும்பாலும் தரையில் கூடமைக்கும். சில சமயம் மரத்தில் வேறொரு பறவை விட்டுப்போன பழைய கூட்டில் முட்டையிடும். இவ்வளவு தூரம் பறந்து வருகிற உயிரின் எடை ஏறத்தாழ 60 கிராம்.

பக்கத்தில் ஒரு பட்டாணி உப்புக்கொத்தி ஓடிற்று, நின்றது, கொத்திற்று. கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம், ஒற்றை ஜரிகை இழை ஓடினாற்போல.

சேலைக்கும் ஏரிக்கும் கரை என்று ஒரே சொல்லை வைத்த தமிழை அன்று மனதார மெச்சினேன்.

மாலையில் எருமைகள் இறங்கியதும் கூட்டம் எழுந்தது. "சிஃப்-இஃப்-இஃப்" என்ற மெல்லிய கூவல். அதுவரை சிறகுகள் மூடி வைத்திருந்த வெள்ளை இடுப்பும் வரியோடிய வாலும், மடிப்புப் பிரித்த முந்தியாய்த் தெரிந்தன.

தை, மாசியில் உங்கள் ஊர் ஏரி வற்றத் தொடங்கினால் விடிகாலையில் ஒருமுறை போய் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் புள்ளிகள் தெரியும்.