பொதி கட்டும் கை
கல்லடியில், வாவிக் காற்று வரும் யன்னலோரம், மடிக்கணினியில் டெபியன் இயங்குதளம் தன் மென்பொருள் பொதிகளை வரிவரியாக அவிழ்ப்பதைப் பார்த்திருப்பது எனக்கொரு சுகம். பொத்தானும் பட்டியும் வரைந்து தரும் ஜிடிகே கருவித்தொகுப்பைப் பொதிகிறவர்கள், எங்கள் எருமைத் தயிர்ச் சட்டியின் வாய் கட்டுகிறவர்கள் மாதிரி: இறுக்கமும் வேண்டும், சுளுவாய் அவிழவும் வேண்டும். இயங்கத் தேவையானது ஒரு பொதி, நிரல் எழுதுகிறவருக்கு வேறொன்று, ஆவணம் தனி. மாற்றக் குறிப்பின் கையொப்ப வரியில் திகதிக்கு முன் சரியாக இரண்டு இடைவெளி. அற்ப விஷயந்தான், அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. பொதிகளைச் சோதிக்கும் லிண்டியன் கருவி குறை சொன்னால் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். எழுத்துகளை அடுக்கித் தரும் பாங்கோவும் ஹார்ஃப்பஸும் தத்தம் பொதியில் ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் 'கோ'வின் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்கும். பட்டியில் 'கோப்பு' என்று கண்டால், அந்தக் கொம்பை ஒரு கணம் பாருங்கள்.